போன் வரைந்த மூன்று படங்கள்

பிள்ளைகளா, மிஷின் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கிற குரூப்பை என் மகள் சங்கரி நேற்று தன் போனில் காட்டினாள். பிரஸ், லேத், பேக்கிங் மிஷின் என்று ஆளுக்கொன்றை ஸ்லோ மோஷனில் எடுத்துப் போட்டு, இதில் என்ன கோளாறு என்று கேட்கிறீர்கள். இரண்டு நிமிடத்துக்குள் ஆறு பேர் பதில் போடுகிறார்கள். பெல்ட் என்கிறார் ஒருவர், பேரிங் என்கிறார் இன்னொருவர், ஆப்பரேட்டர் சரியில்லை என்கிறார் மூன்றாமவர். 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒருவர்கூடப் போடவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி எழுந்துவிடுகிறேன். சங்கரிதான், "நடந்தது போதும்பா, எழுதுங்க" என்று நோட்டைக் கொடுத்தாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்து கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். முப்பத்து மூன்று வருடம் தாராவியிலும் மான்குர்த்திலும் பவர் பிரஸ் ரிப்பேர் பார்த்தேன். போன வருடம் முழங்கால் ஒத்துழைக்காமல் நிறுத்தினேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராதாம். வராதவர்கள் வீட்டில் அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறபோது போனைக் கீழே வையுங்கள்.

பிரஸ் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆப்பரேட்டர் பெடலை மிதித்தால் கிளச்சுக்குள் ஒரு பின் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். உடனே மேலே நிற்கும் ராம் என்கிற இரும்புக் கட்டை இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலே போய் நிற்கும். ஒரு மிதிக்கு ஒரு அடி. அதுதான் கணக்கு. சில மிஷின் சில நேரம் ஒரு மிதிக்கு இரண்டு அடி அடித்துவிடும். நாங்கள் அதை டபுள் அடி என்போம். முதல் அடி முடிந்ததும் ஆப்பரேட்டர் கையை உள்ளே விட்டிருப்பார். இரண்டாவது அடி அந்தக் கையின் மேல் விழும்.

ஒரு டபுள் அடியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

தாராவியில் பெல்ட்டுக்கும் தோல்பைக்கும் பக்கிள் அடிக்கிற கடை. கீழே இரண்டு பிரஸ், மேலே பாலிஷ். முதலாளி நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான். ஆனாலும் பம்பாயில் முதலாளி என்றால் சேட். அவருக்கு நான் மிஸ்திரி. ஒரு புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டார். போனபோது பிரஸ் நின்றிருந்தது. அதில் பதினோரு வருடமாக உட்காருகிற பேச்சியம்மாள் ஸ்டூலை விட்டு எழுந்து சுவரோரம் நின்றாள். என் கையில் ஒரு சிம்டாவைக் கொடுத்தாள். அடித்த பக்கிளை எடுப்பதற்கு அவள் வைத்திருக்கிற சின்ன இடுக்கி அது. மற்றவர்கள் விரலால் எடுப்பார்கள், இவள் சிம்டாவால்தான் எடுப்பாள். அதன் முனை காகிதம் மாதிரித் தட்டையாகியிருந்தது.

"அண்ணாச்சி, நான் ஒரு அடிக்குத்தான் மிதிச்சேன். அது தானா ரெண்டாவது அடி அடிச்சிட்டு. இது என் வெரலா இருந்திருந்தா?"

"கால எடுத்திருந்தியாம்மா?"

"எடுக்கல. பெடலு மேலதான் வச்சிருந்தேன். வச்சிருக்கதுக்கும் மிதிக்கதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கித் தரையில் வைத்து மறுபடி பெடலில் வைத்தால் நாள் முடிவதற்குள் இடுப்பு போய்விடும். அதனால் நான் பார்த்த கடைகளில் எல்லாம் ஆப்பரேட்டர்கள் பாதத்தைப் பெடல் மேலேயே லேசாக வைத்திருப்பார்கள். கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்வார்கள்.

சேட்டுக்குப் பொறுமை இல்லை. "அரே பேச்சி, வீட்ல சண்ட கிண்ட போட்டுட்டு வந்தியா? காலு நடுங்கியிருக்கும்."

"சண்ட போட்டா எனக்கு வாய்தான் நடுங்கும் சேட். காலு நல்லாத்தான் இருக்கும்."

மேலேயிருந்து எட்டிப் பார்த்த பாலிஷ்காரர்கள் சிரித்தார்கள். சேட் சிரிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் சரக்கு போக வேண்டும். என்னைப் பார்த்துச் சொன்னார்: "மிஷின்ல கோளாறுன்னா ரிப்பேர் பாரு. கோளாறு இல்லன்னா நான் வேற ஆள உக்கார வைக்கேன், இவ வேற கடையப் பாக்கட்டும். ரெண்டுல ஒண்ணு சாயங்காலத்துக்குள்ள சொல்லு மிஸ்திரி."

ஆக, அவளுடைய வேலை என் வாயில் இருந்தது.

சரியான வழி எனக்குத் தெரியும். சக்கரத்தைக் கழற்றிக் கிளச்சைத் திறந்து பின்னையும் ஸ்பிரிங்கையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஆள், அரை நாள், முழங்கை வரை கிரீஸ். அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி. பையில் புதுப் போன் இருந்தது. ஒரு மாதம் முன்னால் வாங்கியது. நொடிக்கு நானூற்று எண்பது படம் எடுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்த ஒரு மாதத்தில் அதை வைத்து இரண்டு கோளாறு கண்டுபிடித்திருந்தேன். ஒரு கடையில் பெல்ட் வழுக்கியது, இன்னொன்றில் தகடு துள்ளியது. 'மிஸ்திரி எக்ஸ்ரே எடுக்காரு' என்று பேச்சு கிளம்பியிருந்தது. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் ஒளிக்கப்போவதில்லை.

"திறக்க வேண்டாம் சேட்," என்றேன். "வீடியோ எடுத்துப் பாத்துருவோம்."

ராமும் தெரிய வேண்டும், கீழே பெடலும் காலும் தெரிய வேண்டும். அதனால் போனைத் தள்ளி ஒரு ஸ்டூலில் நிற்க வைத்தேன். முதல் வீடியோவில் ஒன்றுமே தெரியவில்லை. இருட்டு. அந்த இருட்டுக்குள் கறுப்புக் கறுப்பாகப் பட்டை வேறு ஓடியது. ஸ்லோ மோஷனில் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கிற வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம். நம் கண்ணுக்கு ஒழுங்காக எரிகிற டியூப்லைட் உண்மையில் அணைந்து அணைந்து எரிகிறது என்பதும் அதில்தான் தெரியும். பின்கதவைத் திறந்து வெயிலை உள்ளே விட்டோம். படம் தெளிந்தது. தெளிந்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்தத் தெளிவில்தான் நான் விழுந்தேன். இருட்டாகவே இருந்திருந்தால் கிளச்சைத் திறந்திருப்பேன்.

பேச்சியை உட்கார வைத்து, "ரெண்டு கையையும் மடியில வச்சுக்கம்மா, கால மட்டும் மிதி," என்றேன். அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். நான் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே இருந்தேன். போன் சுட்டது. ஆற வைத்து மறுபடி எடுத்தேன். ஒரு தடவை டமார் டமார் என்று இரண்டு அடி விழுந்தது.

"மிதிக்கல!" என்று கத்தினாள் பேச்சி. "பாத்தீயளா, நான் மிதிக்கல!"

எல்லோரும் போனைச் சுற்றி மொய்த்துக்கொண்டோம். மெதுவாக ஓடியது. ராம் அடித்துவிட்டு மேலே போகிறது. உச்சியில் நிற்கிறது. பேச்சியின் கால் பெடலோடு கீழே இறங்குகிறது. அதற்குப் பிறகு ராம் இரண்டாவது தடவை இறங்குகிறது. முதலில் கால், பிறகு ராம். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். மூன்று தடவையும் அப்படித்தான் இருந்தது.

"கால்தாம்மா," என்றேன். "உனக்கே தெரியாம மிதிச்சிருக்க."

"எங் காலு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"படத்துல தெரியுதே."

அவள் மதியச் சோற்று டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள். சிம்டாவை எடுக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் போனாள். சேட், "அந்த வீடியோவ எனக்கு அனுப்பு," என்றார். அனுப்பினேன்.

மறுநாள் காலை செம்பூரில் எங்கள் வீட்டில் சங்கரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அணுசக்தி நகர்ப் பக்கம் ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அப்பாவின் சாமர்த்தியத்தைக் காட்டலாம் என்று வீடியோவைக் காட்டினேன். அவள் நின்றுகொண்டே டீ குடித்தபடி அதை ஓட்டாமல், விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளினாள்.

"அந்த அக்கா மெட்டி போட்டிருக்காங்களாப்பா?"

"போட்டிருப்பா. எதுக்குக் கேக்க?"

"இந்தப் படத்துல இருக்கு. அடுத்ததுல பாருங்க, வெரலோட கரைஞ்சு கெடக்கு. அதுக்கடுத்ததுல இல்லவே இல்ல. இன்னொண்ணு... இதுலயும் கரைசல். நாலாவதுல பளிச்சுனு இருக்கு. மெட்டி எங்க போய்ட்டு வந்துச்சு?"

"வெயில் பட்டு மறைஞ்சிருக்கும்."

"நாலுக்கு ஒரு தடவ கரெக்டா மறையுமா?" டீ கிளாசைக் கீழே வைத்தாள். "அப்பா, இது நக்லி, போலி. நடுவுல இருக்கற மூணு படமும் போன் எடுத்ததில்ல. போன் தானா வரைஞ்சது."

எனக்குக் கோபம் வந்தது. "பொட்டியில நானூத்தி எம்பதுன்னு போட்டிருக்கான்!"

"போடுவான். லென்ஸ் புடிக்கறது அதுல கால்வாசிதான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல என்ன இருந்திருக்கும்னு அதுவா யோசிச்சு மூணு படம் போட்டு நெரப்பிரும். கல்யாணத்துல டான்ஸ் ஆடறத எடுத்தா யாரு கேக்கப் போறாங்க?"

நம்பவில்லை நான். அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வாங்கி ஃபேன் இறக்கையில் ஒட்டி, ஃபேனை ஓடவிட்டு அதே மாதிரி எடுத்தேன். ஒரு படத்தில் பொட்டு பொட்டாக இருந்தது. அடுத்த மூன்றில் குங்குமத்தில் தண்ணீர் பட்ட மாதிரிக் கலங்கியும், இரண்டாகப் பிளந்தும் கிடந்தது. நாலாவதில் மறுபடி பொட்டு. ஒவ்வொரு நாலுக்கும் அப்படியே.

போன் என்னிடம் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளா. அதற்குத் தெரியாத இடத்தை அழகாக நிரப்பிக் கொடுத்தது. நான்தான் அந்த இடத்தில் ஒரு மனுஷியைக் குற்றம் சொன்னேன்.

தரையில் உட்கார்ந்து அந்த வீடியோவில் நிஜமான படங்களை மட்டும் தேடிப் பார்த்தேன். ஒன்றில் பெடல் மேலே இருக்கிறது, ராம் உச்சியில் நிற்கிறது. அடுத்த நிஜப் படத்தில் பெடல் இறங்கிவிட்டது, ராமும் ஒரு நூல் அளவுக்கு அசைந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் எது முந்தியது? அதை யாரும் பார்க்கவில்லை. போனும் பார்க்கவில்லை. அந்த நடுவில்தான் என் கேள்வியே இருந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கிளச்சில் பின் தேய்ந்திருந்தால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டும். தாண்டும்போது கொடுக்கிற அதிர்ச்சி, கிளச்சையும் பெடலையும் இணைக்கிற கம்பி வழியாக வந்து பெடலை இழுக்கும். மேலே வைத்திருக்கிற காலும் கூடவே இறங்கும். மிதித்த கால் மாதிரியே இருக்கும். ராமோ உச்சியிலிருந்து புறப்படும்போது தயங்கித்தான் புறப்படும். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் பார்க்கிறவனுக்குக் கால் முந்தியதாகத்தான் தெரியும். இது எனக்குத் தெரியாததா? முப்பது வருடமாகத் தெரியும். திரையைப் பார்த்த உடனே மறந்துபோனது.

அப்படியானால் மிஷின் இன்றைக்கும் டபுள் அடிக்கும். அதில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்?

சேட்டுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பிரஸ் ஓடும்போது அந்தக் கடையில் போன் மணி கேட்காது. மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை அடிக்கும்போது சங்கரி என் செருப்பைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். "போங்கப்பா. அடிச்சிட்டே நிக்காதீங்க."

பஸ் நகரவே இல்லை. உட்கார இடம் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை. கண்டக்டர், "பைட்டோ நா காக்கா," என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் எல்லார் கையும் கண்ணில் பட்டது. ஸ்கூட்டர் பிடித்திருக்கிற கை, கம்பி பிடித்திருக்கிற கை. சயானில் இறங்கி, முழங்காலைப் பொருட்படுத்தாமல் ஓட்டமும் நடையுமாகப் போனேன். கடைக்கு இருபது அடி முன்னாலேயே சத்தம் கேட்டது. டம். டம். டம். ஒவ்வொன்றும் ஒற்றை அடிதானா என்று காதைக் கொடுத்துக்கொண்டே போனேன்.

பிரஸ்ஸில் சேட் உட்கார்ந்திருந்தார்.

வேறு ஆள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை சரக்கு. மிஸ்திரி பார்த்து மிஷின் நல்லா இருக்கு என்று சொல்லியாயிற்று, நாமே அடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டார். சிம்டாவும் இல்லை. வெறும் விரலால் பக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். அவரை நான் கல்நெஞ்சன் என்று நினைத்திருந்தேன். நான் சொன்ன சொல்லை நம்பித் தன் கையையே உள்ளே விட்டிருந்தார்.

இந்த இடத்தை மெதுவாக வாசியுங்கள். வாசலில் நிற்கிறீர்கள். ஒரு ஆள் கையை உள்ளே விட்டு விட்டு எடுக்கிறார். என்ன செய்வீர்கள்?

கத்தக் கூடாது. திடுக்கிட்டால் முதலில் அழுந்துவது கால். ஓடிப்போய்ச் சுவிட்சை அணைக்கவும் கூடாது. மோட்டார் நின்றாலும் சக்கரம் தன் வேகத்தில் வெகுநேரம் சுற்றும், அந்தச் சுற்றுக்கும் அடி விழும். சத்தம் மாறியதும் அவர் திரும்பிப் பார்ப்பார், கை உள்ளேயே இருக்கும். இதையெல்லாம் நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கால் அப்படியே நின்றுவிட்டது, வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு நடந்து போய் அவர் கண்ணில் படுகிற மாதிரி எதிரே நின்றேன். டம். கை உள்ளே போனது. வெளியே வந்தது. டம். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி கையை விட்டார். கை வெளியே வந்து பக்கிளைக் கூடையில் போட்ட நேரத்தில் சாதாரணமாகச் சொன்னேன்:

"சேட், உங்க வீட்ல இருந்து எனக்கு அடிக்காங்க. நீங்க போன் எடுக்கலயாம். ஏதோ அவசரமாம்."

"க்யா ஹுவா?" என்று எழுந்துவிட்டார். அவர் இரண்டு எட்டு வைத்ததும் சுவிட்சை அணைத்தேன். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொண்டேன். சக்கரம் முழுக்க நிற்கும் வரை எழுந்திருக்கவில்லை.

சேட் வீட்டுக்குப் பேசிவிட்டு முகம் சிவந்து வந்தார். "வீட்ல யாரும் அடிக்கலயாம். என்ன மிஸ்திரி, வெளையாட்டா?"

"வீட்ல ஒண்ணும் இல்ல. மிஷின்ல இருக்கு."

"நேத்து காலுன்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"வீடியோல நானே பாத்தேனே!"

"நாம பாத்தது நெசம் இல்ல சேட். போன் வரைஞ்சது."

"இன்னிக்கு ஒரு பேச்சு, நேத்து ஒரு பேச்சு. உனக்கு வயசாயிட்டு மிஸ்திரி. தள்ளு, நான் அடிக்கணும்."

"எம்மேல ஏறித்தான் உக்காரணும்," என்றேன். அப்படி அவரிடம் நான் பேசியதே இல்லை. கிளச்சைத் திறந்து காட்டியிருக்கலாம். ஆனால் அவருக்கு அதைப் பார்த்தால் புரியாது, எனக்கோ அவர் கண்ணால் பார்க்க வேண்டும். மேலேயிருந்து பாலிஷ்காரர்களையும் கூப்பிட்டேன். தகடு வைக்கிற டையில் ஒன்றும் வைக்காமல் மோட்டாரைப் போட்டேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். தரையில் எட்ட உட்கார்ந்து, துடைப்பக் கட்டையால் பெடலைக் குத்திவிட்டு உடனே கட்டையைத் தலைக்கு மேலே தூக்கினேன். ஒரு குத்து, ஒரு அடி. கட்டை மேலே. மறுபடி குத்து. பாலிஷ்காரர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். முப்பது. நாற்பது. ஐம்பதில் ஒருவன், "அண்ணாச்சி, கை வலிக்கலயா?" என்றான். அறுபது தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. சேட் நாற்காலியில் சாய்ந்து, "போதும் எந்திரி," என்றார். எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை கால்தானோ? இந்தத் தடவை அவளுக்குச் சாதகமாகத் தப்பு சொல்கிறேனோ? ஆனாலும் கை நிற்கவில்லை. குத்தினேன், தூக்கினேன்.

டமார். டமார்.

கட்டை என் தலைக்கு மேலே இருந்தது. பெடல் மட்டும் தானாக ஒரு துள்ளு துள்ளி நின்றது. சேட் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கிளச்சைத் திறந்தபோது பின்னின் ஓரம் கொஞ்சம் உருண்டிருந்தது, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ரோட்டில் கிடந்தால் நல்ல பின் என்று எடுத்து வைத்துக்கொள்வீர்கள். அவ்வளவு சின்னத் தேய்மானம்.

உங்கள் குரூப்பில் வீடியோவே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பெல்ட் வழுக்குவதை அது காட்டும், எனக்கே காட்டியிருக்கிறது. ஆனால் எது முதலில், எது பிறகு என்று கேட்கிற இடத்தில் மட்டும் நின்று யோசியுங்கள். உங்கள் போன் நிஜமாக எத்தனை படம் பிடிக்கிறது என்று ஃபேனில் ஒரு பொட்டு ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ராமை எடுக்காமல் கிளச் பக்கத்துத் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டு அதை எடுத்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கும். அப்போதும் எல்லாம் தெரிந்திருக்காது. தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு மிஷினை நிறுத்துங்கள். அன்றைக்கு நான், 'எனக்குத் தெரியல சேட், திறந்து பாக்கும் வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது' என்று சொல்லியிருந்தால் சேட் கத்தியிருப்பார். அவ்வளவுதான். கத்தல் தாங்கக்கூடியது. சட்டென்று பதில் சொன்னால் கெட்டிக்காரன் என்பார்கள் என்று சொன்னேன். அந்தப் பதிலால் ஒருத்தி வேலையை இழந்தாள், அதை நம்பி ஒருத்தர் மிஷினுக்குள் கையை விட்டார்.

மத்தியானமே பேச்சி வீட்டுக்குப் போனேன். இரண்டு சந்து தள்ளி, மாடியில் ஒரு அறை. சேட்டும் வந்தார். அவள் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. இரும்பு ஏணியின் மேல்படியில் நின்றாள், நாங்கள் கீழே நின்றோம்.

"மிஷின்தான் பேச்சி," என்றேன். "நீ மிதிக்கல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அது எனக்கு நேத்தே தெரியும். இத சொல்லதுக்கா வந்தீய?"

சேட், "நாளையில இருந்து வந்துரு," என்றார்.

அவள் அவரைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள். "காலையில வேல கேட்டு நாலு கடை ஏறி எறங்குனேன் அண்ணாச்சி. மூணாவது கடையில ஒருத்தன் போன எடுத்துக் காட்டுதான். எங் காலு. எங் கால எங்கிட்டயே காட்டுதான். கீழ எழுதியிருக்கு, 'பேச்சியம்மா, ரெண்டு தடவ மிதிக்கும், ஜாக்கிரதை'ன்னு."

எனக்குத் தெரியாது. சேட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கீழே பார்த்தார். பிரஸ் கடைக்காரர்கள் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை சாயங்காலமே அதில் போட்டுவிட்டிருந்தார். மற்றவர்களையும் எச்சரிக்கலாம் என்று போட்டேன் என்றார். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார். நான் அனுப்பியதும் நல்ல எண்ணத்தில்தான்.

"டிலீட் பண்ணிருதேன்," என்றார் சேட்.

"உங்க போன்ல பண்ணுவீய. அவங்க போன்ல?" பேச்சி படியிறங்கி வந்தாள். கையை நீட்டினாள். "உங்க போனக் குடுங்க."

கொடுத்தார். அவள் அதை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நேத்து எல்லாரு முன்னாலயும் சொன்னீயல்லா? இப்பவும் சொல்லுங்க. ஸ்லோவா எடுத்தா சத்தம் வராதாம்லா, சாதாவாவே எடுக்கேன். சத்தமாச் சொல்லுங்க."

சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பையைத் தலையில் வைத்திருந்த ஆள் இறக்கிவைத்துவிட்டே பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். நேற்று வந்த வீடியோவைப் பார்த்து ஆப்பரேட்டர் மேல் தப்பு என்று சொன்னேன், அது சரியில்லை, கிளச் பின் தேய்ந்து டபுள் அடி விழுந்திருக்கிறது, ஆப்பரேட்டர் மிதிக்கவில்லை. அவ்வளவும் சொன்னேன். நன்றாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

அவள் அதை ஓட்டிப் பார்த்தாள். முழுக்கக் கேட்டாள்.

"எம் பேரு எங்க?"

"ஆப்பரேட்டர்னு சொன்னேனம்மா."

"காலு மட்டும் தெரிஞ்ச படத்துக்கே எம் பேரப் போட்டுத்தான அனுப்புனாங்க? இதுல மட்டும் பேரு வேண்டாமாக்கும்? மறுபடி சொல்லுங்க."

மறுபடி போனைத் தூக்கினாள். நான் மறுபடி சொன்னேன். "பேச்சியம்மாள் மிதிக்கவில்லை. மிஷின்தான் தானாக அடித்தது. பேச்சியம்மாள் சொன்னது சரி. தப்பாகச் சொன்ன மிஸ்திரி நான்தான்."

போனை சேட்டிடம் நீட்டினாள். "நாளைக்கு வாறேன். புதுப் பின்ன போட்டு, நீங்க ரெண்டு பேரும் நூறு அடி அடிச்சுக் காட்டுனதுக்குப் பொறவுதான் உக்காருவேன். இப்ப இத அனுப்புங்க. நேத்து எங்கெங்க அனுப்புனீயளோ, அங்க எல்லாம்."

சேட் பைக்குள் விட்டிருந்த கையை வெளியே எடுத்தார். அவள் அங்கேயே நின்று, அவர் விரல் ஒவ்வொரு பெயராகத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.